மாமாவின் எட்டு மில்லிமீட்டர் ஈறு

என் அக்காள் புருஷன் பஞ்சாட்சரத்துக்கு ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் யாரும் மரியாதை கொடுத்ததில்லை. வீட்டில் அக்காள் அமிர்தவள்ளி அவரைக் கூப்பிடுவதே "இன்னாய்யா" என்றுதான். ஆம்பூர் பைபாஸ் ஓரத்துத் தோல் கம்பெனியில் அவருக்கு செலக்‌ஷன் வேலை. பதப்படுத்திய தோல்களை மேஜைமேல் விரித்து, கத்தி பட்ட இடம், ஓட்டை, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். அவர் பிரித்து வைத்ததை சூப்பர்வைசர் வந்து கலைத்து மறுபடியும் பிரிப்பார். இப்படிப்பட்ட மனிதரை ஒருநாள் ஆறேழு டாக்டர்கள் சுற்றி நின்று ஆசை ஆசையாகப் பார்த்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவருடைய ஈறு.

நான் கோபி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அக்காள் புருஷனைக் கிண்டல் செய்வது மச்சானுக்குப் பிறப்புரிமை. ஆகையால் நான் சொல்லும் இந்த வரலாற்றில் மரியாதையை யாரும் தேட வேண்டாம்.

கம்பெனியில் இலவசப் பல் முகாம் போட்டார்கள். வேலூர்ப் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாமா பல்லைக் காட்டப் போகவில்லை. முகாமுக்குப் போனால் மேஜையிலிருந்து கொஞ்ச நேரம் நகரலாம், பிஸ்கட்டும் டீயும் உண்டு. அவரைப் பார்த்தவள் ஹீனா, வாணியம்பாடிப் பெண், கடைசி வருஷ மாணவி. "வாயத் தொறங்க" என்றாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டாள். நல்ல ஈறில் அந்தக் கம்பி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதாம். மாமாவின் ஈறில் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. ஹீனாவின் முகம் மலர்ந்தது.

"எட்டு மில்லிமீட்டர்!" என்று கத்தினாள். "ஏய், எல்லாரும் வாங்க! இங்க எட்டு இருக்கு!"

பக்கத்து நாற்காலிகளில் வாய் திறந்து கிடந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மாணவர்கள் ஓடி வந்தார்கள். மாமா தான் ஏதோ போட்டியில் ஜெயித்துவிட்டதாக நினைத்து, கம்பி வாய்க்குள் இருக்கும்போதே சிரிக்கப் பார்த்தார். கூட வந்திருந்த பேராசிரியை வஜீதா மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஹீனா, அந்த வாய்க்கு மேல ஒரு மூஞ்சி இருக்கு. அதையும் கொஞ்சம் பாரு."

ஹீனா நன்றாகக் குனிந்து பார்த்தாள். "ஆமா மேம். மூக்கு லேசா வளைஞ்சிருக்கு" என்றாள்.

அவள் கெட்ட பெண் இல்லை. புத்தகத்தில் இருப்பது அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எதிரில் இருக்கிற ஆளின் மனசுதான் அவளுக்குத் தெரியாது. அந்தக் கல்லூரியில் மாணவர்களுக்கு எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்கிற புத்தி, எவ்வளவு இருக்கிறது என்று கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்தார்களாம். 'உங்கள் எதிரில் ஒருவர் அழுகிறார், என்ன செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. 'கண்ணீர்ச் சுரப்பியில் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பேன்' என்று ஹீனா எழுதினாள். 'நானும் சேர்ந்து அழுவேன்' என்று எழுதி, ஜோசுவா என்ற பையன் முதல் மார்க் வாங்கினான். இதையெல்லாம் பிற்பாடு ஹீனாவே எங்களிடம் சொன்னாள். அப்போதும் தன் பதிலில் என்ன தப்பு என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பல் டாக்டர் படிப்பில் கடைசிப் பரீட்சைக்கு நோயாளியை மாணவர்களேதான் பிடித்து வர வேண்டும். கறை கட்டி, ஈறு வீங்கி, பல் ஆடுகிற வாய் ஒன்று வேண்டும். பரீட்சை நாளில் அதைச் சோதித்து, நோய் இன்னதென்று எழுதி, பெரிய டாக்டர்கள் எதிரில் சுத்தம் செய்து காட்ட வேண்டும். பரீட்சை நெருங்கினால் பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், மாணவர்கள் மாப்பிள்ளை தேடுவதுபோல் வாய் தேடி அலைவார்கள். ஒருவர் பிடித்து வைத்த நோயாளியை இன்னொருவர் பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போவதும் உண்டு.

ஹீனா போன தடவை இந்த ஒரு பாடத்தில்தான் தோற்றாள். அவள் கூட்டி வந்த நோயாளி எடுத்த எடுப்பிலேயே, "எனக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். "நாலு பல்லு தேறாது" என்று பட்டென்று சொல்லியிருக்கிறாள். அவர் எழுந்து, கழுத்தில் கட்டிய பச்சைத் துணியோடு பஸ் ஏறிப் போய்விட்டார். கூடப் படித்தவர்கள் எல்லாம் இப்போது ஹவுஸ் சர்ஜன். இவள் மட்டும் அடுத்த பேட்ச் பிள்ளைகளோடு மறுபடியும் எழுத வேண்டும். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் இன்னொரு ஆறு மாதம் போகும். இனிமேல் ஃபீஸ் கட்ட முடியாது, படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை மாமாவின் ஈறு.

முதல் தடவை கல்லூரிக்கு வரச்சொன்னபோது நானும் கூடப் போனேன். தனியாகப் போக மாமாவுக்குப் பயம். ஆனால் என்னிடம், "நீ சும்மா குந்திக்கினு இருக்கியே, வா" என்றார். அங்கே ஹீனா துண்டு துண்டாகத் தாளை அவர் ஈறில் சொருகி, அதில் ஊறிய நீரை எடுத்துப் பத்திரப்படுத்தினாள். அது ஏதோ ஆராய்ச்சிக்காம்.

"ஏம்மா, நான் டெய்லி ரெண்டு வேளை பல்லு வெளக்குறேன். எனக்குப் போய் ஏன் இப்டி ஆச்சு?" என்று கேட்டார் மாமா. ரெண்டு வேளை என்பது பொய். ஒரு வேளையே என் அக்காள் கத்தினால்தான்.

ஹீனாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கிருமி எல்லார் வாயிலயும் இருக்கு அங்கிள். ஆனா உங்க உடம்போட எதிர்ப்பு சக்தி ஓவரா சண்டை போடுது. கிருமிய அடிக்க வெள்ளை அணுங்க ஓடி வருது. இன்டர்லூக்கின் அது இதுன்னு பல ரசாயனத்த விடுது. அது அளவோட இருந்தா நல்லது. ஜாஸ்தியாயிட்டா கிருமி சாகுதோ இல்லையோ, பல்லத் தாங்குற எலும்பு கரைஞ்சிடும். உங்களுக்கு ரொம்ப ரொம்ப ஜாஸ்தி!"

வேலியே பயிரை மேய்ந்த கதை. வேறு யாராவது என்றால் கலங்கிப்போயிருப்பார்கள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே டீக்கடையில், "என் உடம்புல வீரம் கொஞ்சம் ஜாஸ்தியாம்பா. அதுதான் பல்லு ஆடுது. டாக்டர் சொல்ட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் அக்காள் காதுக்கு எட்டியது.

"வீரமா? வீட்ல ஒரு கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறிக்கிற ஆளு" என்றாள் அக்காள்.

எனக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு நேரம் உட்கார்ந்து, இவ்வளவு விவரமாக, அவரை ஒரு ஆளாக மதித்து எதையும் எடுத்துச் சொன்னவர் அதற்கு முன் யாரும் இல்லை. அதனால்தான் பரீட்சைக்கு வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்றுவது லேசான காரியமாக இருக்கவில்லை. ஜோசுவா எப்படியோ அவருடைய நம்பரைப் பிடித்துவிட்டான். தினமும் கூப்பிடுவான். "அங்கிள், சாப்டீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு? ஆன்ட்டி நல்லா இருக்காங்களா?" ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்காகவே தானம் கொடுத்தான். நாங்கள் பிரியாணியைச் சாப்பிட்டோம். ஈறு மட்டும் ஹீனாவுக்குத்தான் என்று மாமா சொல்லிவிட்டார்.

ஹீனாவும் கூப்பிடுவாள். "அங்கிள், வியாழக்கிழமை காலைல எட்டரை மணி. வந்துடுங்க." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். மாமாவின் முகம் சுருங்கிப்போகும். "சாப்டியான்னு ஒரு வார்த்தை கேக்குதா பாரு இந்தப் பொண்ணு" என்பார். கேட்க அவளுக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் அவள் சொல்லத் தவறினாள். பரீட்சை வரைக்கும் வாயை யாரிடமும் சுத்தம் செய்துகொள்ள வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டாள்.

எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது வேறு. தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் கம்பெனியைப் பார்க்க வருகிறார் என்றால், முந்தின நாள் தோல் வேலை எல்லாம் நின்றுவிடும். தோல் ஊறும் டிரம்மைக் கழுவுவார்கள், தரையில் பினாயில் ஊற்றுவார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி வாடகைக்கு எடுத்து வைப்பார்கள். நாற்றம் பிடித்த கம்பெனியை அப்படியே காட்டினால் அது முதலாளிக்கு அவமானம். மாமா முப்பது வருஷமாக இதைச் செய்து வருகிறவர்.

புதன்கிழமை அவர் கம்பெனிக்கு லீவு போட்டார். ஆம்பூரிலேயே ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போய், வாயை மேலும் கீழும் மிஷின் வைத்துச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். இருபது வருஷத்துக் கறை ஒரே மத்தியானத்தில் போய்விட்டது. அக்காளுக்கு ஒரே பெருமை. "பாவம், அந்தப் பொண்ணு பெரிய பெரிய டாக்டருங்க எதுர்ல இந்த வாயத் தொறந்து காட்டணும். நாறுனா நமக்குத்தான மானம் போவும்?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை காலை மாமா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வாயில் ஏலக்காய். பள்ளிகொண்டா தாண்டும்வரை பஸ் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்தார். பரீட்சை ஹாலில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாய். ஹீனா மாமாவை உட்கார வைத்து விளக்கை இழுத்தாள்.

மாமா வாயை அகலமாகத் திறந்தார்.

ஹீனா பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். சுத்தம் செய்து காட்டுவதற்கு அந்த வாயில் கடுகளவு கறை இல்லை. ஈறின் ஆழம் அப்படியே இருக்கும்தான், ஆனால் பரீட்சைக்கு வேண்டியது எல்லாம் ஆம்பூர் கிளினிக்கின் வாஷ்பேசினில் போய்விட்டிருந்தது.

"எப்டிம்மா? பளபளன்னு இருக்குதில்ல?" என்றார் மாமா. "நேத்தே போயி கிளீன் பண்ணிக்கினு வந்துட்டேன். உனுக்கு யாரும் ஒரு கொறை சொல்லக்கூடாது பாரு."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இப்போது இந்தப் பெண் கத்தப்போகிறாள், மாமா அழப்போகிறார் என்று நினைத்தேன். முகமூடிக்குள் ஹீனாவின் வாய் திறந்தது தெரிந்தது. அப்புறம் அவள் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்த்தாள். வாயை இல்லை, முகத்தை. ரொம்ப நேரம் பார்த்தாள். பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்" என்றாள். "எனக்காகவா செஞ்சீங்க?"

"பின்ன?"

"தேங்க்ஸ்" என்றாள். விளக்கை அணைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன். சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். "அவர் கிட்ட சொல்லிடாதீங்க. மனசு ஒடிஞ்சிடுவாரு" என்றும் சொன்னாள். வழியில் வந்த ஜோசுவாவிடம் அவனுடைய உபரி நோயாளியைக் கேட்டாள். முன்ஜாக்கிரதையாக அவன் ஒன்றுக்கு இரண்டு வாய் பிடித்து, ஒன்றைக் கேன்டீனில் உட்கார வைத்திருந்தான். ஜோசுவா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "உன் வலி எனக்கு நல்லாப் புரியுது ஹீனா" என்றான். புரிந்துகொண்டு போய்விட்டான்.

மாமா எங்களைத் தேடிக்கொண்டு வந்து அத்தனையையும் கதவருகில் நின்று கேட்டுவிட்டார். அவர் முகம் செத்துப்போனது. "நானே அந்தப் பொண்ணு சோத்துல மண்ணப் போட்டுட்டனா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சட்டென்று என் பக்கம் திரும்பினார். பல வருஷம் தோல் பார்த்த கண் அது. என் தாடையைப் பிடித்து, வாயைத் திறந்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

"பாப்பா, இங்க வா! இவன் வாயப் பாரு!"

ஹீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நான் திமிறினேன். இந்த முப்பத்தொன்பது வயதில் நான் ஒரு பல் டாக்டரையும் பார்த்ததில்லை. ஊசியைக் கண்டாலே ஓடிவிடுவேன். "மாமா, வேணாம். கடை தெறக்கணும், விடு" என்றேன்.

"கடை எங்க போயிடும்? ஊர் உலகத்தயே கிண்டல் பண்ற வாயிதான? ஒருநாளாவது உபயோகமா இருக்கட்டும்" என்றார். கம்பெனி சூப்பர்வைசர்கூட அந்தக் குரலைக் கேட்டதில்லை.

அப்படித்தான் நான் அந்த நாற்காலியில் போய் விழுந்தேன். வஜீதா மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "புதுசா ஆரம்பி, நேரம் இருக்கு" என்றார். கண்காணிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடி வழியே முறைத்தார். ஹீனா கம்பியை எடுத்தாள். எடுத்தவள் என் வாய்க்குள் விடவில்லை. செருப்புக்குள் சுருட்டி வைத்திருந்த என் கால் விரல்களைப் பார்த்துவிட்டாள்.

"பயமா இருக்கா அண்ணா?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது.

"எனக்கும்தான்" என்றாள். "வலிச்சா இடது கையத் தூக்குங்க. நான் உடனே நிறுத்திடுவேன். சத்தியமா."

நான் மூச்சுக்கு மூச்சு கையைத் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினாள். இன்னும் எவ்வளவு பாக்கி என்று சொன்னாள். மாமா என் கால் மாட்டில் நின்று, "தூக்காதடா, டைம் ஆவுது" என்று என் கையை அமுக்கிக்கொண்டே இருந்தார். அவரை வெளியே அனுப்பும்படி பெரிய டாக்டர் சொன்னார். மாமா போகவில்லை. "நான்தான் சார் முதல் பேஷன்ட்டு" என்றார். என்ன வாய், என்ன நோய் என்று பெரிய டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஹீனா பதில் சொன்னாள். மேடம் சொல்லி விஷயம் தெரிந்திருந்த அவர் கடைசியில் மாமாவைக் காட்டி, "வாயைக் கிளீன் பண்ணிட்டு வந்ததுக்கு இவரைத் திட்டினியா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சொல்லாதது என் தப்பு. அவரு எனக்கு மரியாதை செஞ்சாரு."

பெரிய டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

ரிசல்ட் வரும்வரை மாமா சரியாகச் சாப்பிடவில்லை. கம்பெனியில் நல்ல தோலையெல்லாம் கழித்துக் கட்டினார். என் வாயை நம்பிப் பிரயோஜனமில்லை, கையை அத்தனை தடவை தூக்கியிருக்கக் கூடாது என்று என்னிடம் சண்டை பிடித்தார். ஈறு புண்ணாகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த எனக்கு எப்படி இருக்கும்? ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இருந்தாலும் நானும் சாமியைக் கும்பிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார். "அங்கிள், நான் பாஸ்!" என்றாள் ஹீனா. அக்காள் கரண்டியோடு ஓடி வந்தாள். மாமா என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். வாழ்நாளில் முதல் தடவை.

"புதன்கிழமை காலேஜுக்கு வாங்க அங்கிள்" என்றாள் ஹீனா. "மேல மேல கிளீன் பண்ணா போதாது. ஈறத் தொறந்து உள்ள சுத்தம் பண்ணணும். இல்லன்னா முன்னாடி பல்லு ரெண்டும் போயிடும். மேடமும் கூட இருப்பாங்க."

மாமாவுக்கு விளங்கவில்லை. "பரீட்சைதான் முடிஞ்சிபோச்சேம்மா. இன்னும் எதுக்கும்மா நானு?"



"இத்தினி நாளும் எனக்காகக் கூப்பிட்டேன் அங்கிள். இப்ப உங்களுக்காகக் கூப்பிடுறேன்."

மாமா போனை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழுவினார். அக்காள் என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, "வருவாரும்மா, நான் கூட்டினு வர்றேன்" என்றாள்.